கண் சொன்ன ஓம்

கிறிஸ்ரோபர் விழுந்தது கரையில். தொழிலுக்குப் போய் வந்து, வள்ளத்தைக் கட்டிவிட்டு, யாழ்ப்பாணம் குருநகர் இறங்குதுறையில் ஈரச் சாரத்தோடு நின்று மனைவியின் தமையன் செபநாயகத்தோடு கதைத்துக்கொண்டிருந்தார். "மச்சான், தலை சுத்துது" என்றாராம். அவர் தன் வாயால் சொன்ன கடைசிச் சொல் அதுதான்.

மூளையின் அடித்தண்டில் இரத்தக் குழாய் அடைத்துவிட்டதென்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. கைகால் மட்டுமல்ல, முகமும் நாக்கும் தொண்டையும்கூடச் செத்துப்போயின. ஆனால் உள்ளே ஆள் முழுசாக இருந்தார். காது கேட்டது. வலி தெரிந்தது. நினைவு குழம்பவில்லை. அசைந்தவை கண்கள் மட்டும். அவையும் மேலும் கீழும்தான். டொக்டர், மனைவி யசிந்தாவைக் கிட்டக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்தார். ஓம் என்றால் கண்ணை மேலே உயர்த்துவார், இல்லை என்றால் மூடுவார், நீங்கள் கேள்வியை மட்டும் சரியாகக் கேட்க வேண்டும் என்றார்.

அந்த நாள் முதல் யசிந்தாதான் அவருக்கு வாய். பார்க்க வருகிறவர்கள் கட்டிலடியில் நின்று அவரைப் பார்ப்பார்கள், பிறகு அவளைத் திரும்பிப் பார்த்து "என்னவாம்?" என்பார்கள். அவள் குனிந்து கண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்லுவாள். வெக்கையாயிருக்காம், ஃபானைக் கூட்டட்டாம். ரேடியோ தலையிடியாம், நிப்பாட்டட்டாம். தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகோணுமாம். ஒரு ஓமையும் ஒரு இல்லையையும் வைத்துக்கொண்டு இவ்வளவு வசனங்களையும் அவள் எங்கேயிருந்து எடுக்கிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இருபது வருடம் கூட வாழ்ந்த மனுசன் என்ன சொல்லுவார் என்று தெரியாதா?

அவருடைய கண்களுக்கும் ஒரு பழுது இருந்தது. ஓயாமல் நடுங்கும். களைத்துவிட்டால் தாமாகவே மேலே வழுகிப் போகும். கண்ணால் எழுத்தைப் பார்த்து வசனம் எழுதுகிற கருவி ஒன்றை லண்டனில் இருந்த சொந்தக்காரர் அனுப்பியிருந்தார்கள். அந்த நடுக்கத்தோடு அதற்குச் சரிவரவில்லை. பெட்டியோடு அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது.

அவர் படுத்த இரண்டாம் வருடம் மகன் ஜெரிசன் வெளிநாடு வெளிக்கிட்டான். ஒரே பிள்ளை. மாமன் செபநாயகத்தோடு தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். இந்திய இழுவைப்படகுகள் ஏறி அவர்களுடைய வலைகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, இனிக் கடலில் ஒன்றுமில்லை என்று சொல்லத் தொடங்கினான். ஏஜென்சிக்காரன் பாதை சொல்லியிருந்தான். மொஸ்கோவுக்கு விசா. அங்கிருந்து பெலாரஸ். எல்லைக் காட்டைக் கடந்துவிட்டால் போலந்து. பிறகு பிரான்ஸ் பெரிய தூரமில்லை.

"அப்பா ஓமெண்டால் போறன். இல்லையெண்டால் நிக்கிறன். அவர்தான் சொல்லோணும்" என்றான் பெடியன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்த உடுப்போடு கட்டிலருகே முழங்காலில் இருந்து தகப்பனின் கையைப் பிடித்தான். "அப்பா, நான் போகட்டே?"

யசிந்தா தலைமாட்டில் நின்று பார்த்தாள். கண்கள் நடுங்கின. இமை இறங்குவது போலவும் இருந்தது. பிறகு கருமணி மேலே போய் நின்றது.

"ஓமெண்டுறார்" என்றாள்.

ஜெரிசன் தகப்பனின் நெற்றியைக் கொஞ்சினான். மார்கழியில், நத்தாருக்கு முதல் பயணப்பட்டான். தை மாதம், அவனோடு கூடப் போன பாஷையூர்ப் பெடியன் ஒருவன் செபநாயகத்துக்குப் போன் எடுத்தான். காட்டுக்குள் ஒரு ஆற்றைக் கடந்தபோது ஜெரிசன் இடுப்புவரை நனைந்துவிட்டான். காயவைக்க வழியில்லை. நெருப்பு மூட்டினால் எல்லைக்காவலருக்குத் தெரிந்துவிடும். மறுநாள் நடக்க முடியாமல் ஒரு மரத்தோடு இருந்தவனை விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் போனார்கள். அந்த ஊர்த் தேவாலயச் சுவாமி ஒருவர் அவனைத் தங்கள் சேமக்காலையில் அடக்கம் செய்து, புதைகுழியின் படத்தை அனுப்பிவைத்தார். சுற்றிவர வெள்ளை வெளேரென்று பனி. நடுவே ஒரு மரச் சிலுவை.

"மச்சானுக்குச் சொல்லப்படாது" என்றார் செபநாயகம். "அந்தாளாலை வாய்விட்டு அழவும் ஏலாது. உள்ளுக்கை வெடிச்சுச் செத்துப்போம்."

யசிந்தா ஒத்துக்கொண்டாள். அழுகிறவர்கள் எல்லாரும் செபநாயகத்தின் வீட்டில் அழுதார்கள். அவளும் அங்கேதான் போய் விழுந்து அழுதாள். கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து கணவருக்கு உடம்பு துடைத்துவிட்டாள். கோயிலில் துக்கமணி அடிக்க வேண்டாமென்று பங்குச் சுவாமியிடம் கேட்டிருந்தாள். மணியடிக்கிறவர் மறந்துபோய் அடித்துவிட்டார்.

"ஜெரிசன் பிரான்சுக்குப் போய்ச் சேந்திட்டான்" என்று அவள் கணவருக்குச் சொன்னாள். பிறகு வேலை எடுத்துக்கொடுத்தாள், ஒரு தமிழாளின் சாப்பாட்டுக்கடையில். தங்க அறை எடுத்துக்கொடுத்தாள். குளிருக்கு ஜக்கெற் வாங்கிக்கொடுத்தாள். ஒவ்வொரு கிழமையும் அவனைப் பற்றி ஒரு புதினம். கேள்வி கேட்க முடியாதவருக்குப் பொய் சொல்வது லேசாக இருந்தது. சில நாள் அவளுக்கே அந்த அறையும் கடையும் கண்ணில் தெரிந்தன.

அப்படி ஒரு வருடம் போன பிறகுதான் கஜானி வந்தாள்.

கஜானி இணுவில் பிள்ளை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலை. கிறிஸ்ரோபருக்குத் தொண்டைப் பயிற்சி கொடுக்க மாதத்தில் ஒருக்கால் வந்துபோவாள். சென்னையில் ஒரு மருத்துவமனையும் வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றும் சேர்ந்து நடத்துகிற பரிசோதனையைப் பற்றி அவள்தான் செய்தி கொண்டுவந்தாள். மண்டையோட்டைத் திறந்து மூளையின் மேல் மெல்லிய தகடு ஒன்றை வைப்பார்கள். கையை அசைக்க நினைத்தால் அந்த நினைப்பைத் தகடு பிடித்துக்கொள்ளும். அது கணினிக்குப் போகும். திரையில் எழுத்தைத் தெரிவுசெய்யலாம், எழுத்தைச் சேர்த்தால் கணினி வாசிக்கும். கொம்பனிக்குத் தமிழ் பேசுகிற நோயாளர் தேவைப்பட்டார்கள். செலவு முழுவதும் அவர்களுடையது.

"அண்ணைக்குக் கண் சரிவராட்டிலும் இது வரும் அக்கா. இது கண்ணை நம்பியிருக்கேல்லை" என்றாள் கஜானி. "ஆனால் பரிசோதனைதான். நிச்சயமெண்டு நான் சொல்லமாட்டன்."

யசிந்தா கிறிஸ்ரோபரைக் கேட்டாள். கண்கள் மேலே போயின. அன்றைக்கு நடுக்கமே இல்லை. கீழே இறங்கி, மறுபடி மேலே போய், மறுபடியும் போயின. அவள் மனம் குளிர்ந்து சிரித்தாள். எதைக் கேட்பதற்காக அவர் அப்படி ஓம் ஓம் என்கிறார் என்று அந்த நேரம் யோசிக்கவில்லை.

பலாலியிலிருந்து படுக்கையோடு விமானத்தில் ஏற்றினார்கள். சென்னையில் வெட்டித் தைத்த தலையோடு அவர் பல நாள் காய்ச்சலில் கிடந்தார். ஊருக்குத் திரும்பியபோது வலது காதுக்கு மேலே தோலுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவில் புடைப்பு இருந்தது. அதன் மேல் ஒரு வளையத்தை ஒட்டினால் கட்டிலருகே இருக்கும் மடிக்கணினி விழித்துக்கொள்ளும்.

பயிற்சி கொடுக்கக் கொம்பனி கஜானியையே வேலைக்கு எடுத்தது. கிழமையில் நாலு நாள் வந்தாள். "வலது கையைப் பொத்துறமாதிரி நினையுங்கோ அண்ணை" என்பாள். திரையில் இருந்த புள்ளி அசையாது. மற்ற நாளும் அதே கதை. அவர் நெற்றி வியர்த்து ஓடும். ஒருநாள் யசிந்தா, "எஞ்சின் கயித்தை இழுக்கிறமாதிரி நினையுங்கோவன்" என்றாள். புள்ளி துள்ளியது. பிறகு பின்னேரம் முழுக்க அவர் எஞ்சினை இழுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் மாதம் எழுத்துகள் வந்தன.

கணினியில் இருந்த தமிழ் சென்னைத் தமிழ். அவர் இரண்டு எழுத்து எழுதினால் மிச்சத்தை அது ஊகித்து நீட்டும். அதை எடுத்துக்கொண்டால் வேலை சுருக்கம். கிறிஸ்ரோபர் எடுக்கமாட்டார்.

"அது தாற சொல்லை எடுங்கோவன் அண்ணை, களைக்காமல் இருக்கும்."

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்தார். கணினி செய்தி வாசிப்பவனின் குரலில் சொன்னது: "அது என்ரை கதை இல்லை."

கஜானி வாய்விட்டுச் சிரித்தாள். யசிந்தாவுக்கு அழுகை வந்தது. அவளுடைய ஆள் திரும்பி வந்துவிட்டார். அயலவர் வாசலில் கூடிவிட்டார்கள். "மச்சான், எங்களுக்கும் ஒண்டு சொல்லன்" என்றார் செபநாயகம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் எழுதியது யசிந்தாவுக்கு.

"ரேடியோ விருப்பம். நிப்பாட்டாதை."

சனம் சிரித்தது. யசிந்தாவும் சிரித்தாள். ஆனால் அடுப்படிக்குப் போனதும் அடுப்பை மூட்டாமல் நின்றாள். மூன்று வருடத்துக்கு மேலாக அவருடைய பேரைச் சொல்லி அவள் ரேடியோவை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். வேறு எதையெல்லாம் பிழையாகச் சொன்னேன் என்று நினைத்தாள். அந்த நினைப்பை அதற்கு மேல் போகவிடவில்லை.

அடுத்த கிழமை அவர் கேட்டுவிட்டார். "ஜெரிசன் ஏன் என்னோடை கதைக்கிறேல்லை?"

வேலை கூட என்றாள். நேர வித்தியாசம் என்றாள். அவருக்கு இப்போது அடுத்த கேள்வி இருந்தது. "ஞாயிறும் வேலையோ?" அதற்கும் ஒன்று சொன்னாள். "அவன்ரை குரல் கேக்கோணும்" என்றது கணினி. அடுத்த நாளும் அதையே சொன்னது. தகட்டுக்கு அவர் அவ்வளவு பாடுபட்டது இந்த ஒரு வசனத்துக்காகத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

கஜானியை முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் கெஞ்சினாள். கஜானி தலையாட்டவில்லை. "நான் அவரிட்டை ஒண்டும் சொல்லமாட்டன் அக்கா. ஆனால் பொய்யும் சொல்லமாட்டன். என்னைக் கேட்டாரெண்டால் அக்காவைக் கேளுங்கோ எண்டுதான் சொல்லுவன்."

வழி கண்டுபிடித்தது செபநாயகம். பாரிசில் எமில்ராஜ் என்று ஒரு தூரத்து உறவுப் பெடியன் இருந்தான். ஜெரிசனின் வயது. குரலும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். "ரெண்டு வார்த்தை கதைக்கச் சொல்லுவம். போன் இரைச்சலிலை ஆருக்குத் தெரியப்போகுது? அந்தாளுக்கு ஒரு ஆறுதல்." யசிந்தா வேண்டாம் என்றாள். பிறகு, ஒருக்கால் மட்டும் என்றாள்.

போனை கிறிஸ்ரோபரின் நெஞ்சின் மேல் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டார் செபநாயகம்.

"அப்பா, நான் ஜெரிசன் கதைக்கிறன். எப்பிடி இருக்கிறியள்? எனக்கு இஞ்சை ஒரு குறையும் இல்லை அப்பா. நேரத்துக்குச் சாப்பிடுறன். நீங்கள் யோசிக்கவேண்டாம்."

பெடியன் நன்றாகத்தான் கதைத்தான். கிறிஸ்ரோபர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி ஒவ்வொரு எழுத்தாக ஏறி இறங்கியது.

"இவன் ஆர்?" என்றது கணினி.

அங்கால் பக்கம் எமில்ராஜ் அழத் தொடங்கினான். செபநாயகம் போனைப் பறித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கஜானியும் எழுந்து போனாள். யசிந்தா மட்டும் நின்றாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். காடு, ஆறு, நனைந்த காற்சட்டை, மரம், சிலுவை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். அவருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எப்படி இருக்கும்? எல்லாம் செத்த முகம். வழமைபோல ஒரு கண்ணால் தண்ணீர் வழிந்தது. அது எந்நாளும் வழிவது.

"எப்ப?" என்றது கணினி.

"போன வருசம் தை மாசம்."

பிறகு, "துக்கமணி கேட்டது. ஆருக்கெண்டு கேக்க ஏலாமல் கிடந்தனான்."

அவள் அவருடைய காலடியில் இருந்துவிட்டாள். புள்ளி மறுபடி ஓடியது.

"ஏன் விட்டனி?"

"என்னைக் கேக்கிறியளே? நீங்கள்தானே ஓமெண்டனீங்கள்! உங்களைக் கேட்டுத்தானே பிள்ளை போனவன்!"

புள்ளி பாதையில் தவறி, அழித்து, திரும்ப எழுதியது. செய்தி வாசிக்கும் அந்தக் குரல், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், பக்கத்து வீட்டுக்கும் கேட்கக்கூடியதாகச் சொன்னது.

"இல்லை எண்டனான். மூடினனான். கண் நிக்கேல்லை."

அன்றைக்கு இமை பாதி இறங்கியதை யசிந்தா கண்டிருந்தாள்.

"உனக்கு ஓம் வேணுமாயிருந்தது" என்றது கணினி. "அதாலை ஓம் தெரிஞ்சது."

அதன் பிறகு அவர் அவளோடு கதைப்பதை விட்டுவிட்டார். வளையத்தை ஒட்டி, கணினியைத் திறந்து வைத்துவிட்டு அவள் காத்திருப்பாள். புள்ளி ஒரே இடத்தில் நிற்கும். கஜானி வந்தால் பயிற்சியைச் செய்வார்; அவள் கேட்ட எழுத்தை எழுதிக் காட்டுவார்; யசிந்தா அறைக்குள் வந்தால் நிறுத்திவிடுவார். உடம்பு துடைக்கும்போதும், வயிற்றுக் குழாயில் கஞ்சி விடும்போதும், புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கும்போதும் அவள் கதைத்துக்கொண்டே இருந்தாள். பதில் இல்லை. முன்பும் பதில் இருந்ததில்லைதான். அப்போது அது வருத்தத்தின் மௌனம். இப்போது வாய் இருந்தும் கதைக்காத மனுசனின் மௌனம். அதைச் சுமப்பது வேறு மாதிரி இருந்தது.

செபநாயகம் வந்து கத்திப் பார்த்தார். "அவள் இல்லாட்டில் நீ எப்பவோ புழுத்துச் செத்திருப்பாய், தெரியுமே?" கணினி உடனே, "தெரியும்" என்றது.

கார்த்திகை மாதம் மரித்த ஆத்துமாக்கள் நாள் வந்தது. அதுவரை யசிந்தா மகனுக்கு வீட்டில் ஒரு மெழுகுதிரிகூடக் கொளுத்தியதில்லை. ஒளித்த சாவுக்கு எப்படிக் கொளுத்துவது? அன்று மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் ஒன்றைக் கொளுத்தி வைத்து, ஜெரிசனின் படத்தைப் பக்கத்தில் சாத்திவிட்டு, செபம் சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. முதல் தடவையாக அவருக்கு முன்னால் இருந்து சத்தம்போட்டு அழுதாள்.

"படத்தைக் கொஞ்சம் இஞ்சாலை வை" என்றது கணினி. "எனக்குத் தெரியேல்லை."

அன்றிலிருந்து கதைத்தார்கள். மகனைப் பற்றி மட்டும். கடைசி நாள் என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். என்ன சேட் போட்டிருந்தான் என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்ல, திரும்பவும் முதலிலிருந்து கேட்டார். அவரும் சொன்னார். முதல் நாள் கடலுக்குக் கூட்டிப்போனபோது பெடியன் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்துவிட்டு, அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று சத்தியம் வாங்கியதை. ஒரு வசனத்துக்கு எவ்வளவோ நேரம் பிடிக்கும். அவள் கடைசிவரை இருந்து கேட்பாள். ஊகித்து முடிக்கமாட்டாள். "சத்தி எடுத்தவனோ?" என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தாலும் அடக்கிக்கொண்டு, அவர் கடைசி எழுத்தைப் போடும்வரை பார்த்திருப்பாள்.

மாசி மாதம் கஜானி ஒருநாள் பயிற்சிக்கான நேரத்தில் வராமல் பின்னேரம் வந்தாள். கதிரையில் இருந்து, கண் துடைத்த கைலேஞ்சியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"கொம்பனி நட்டப்பட்டுப் போச்சுதாம். பரிசோதனையை நிப்பாட்டுறாங்கள். மாச முடிவோடை இது வேலை செய்யாது."

"தகடு உள்ளுக்கைதானே இருக்கு?" என்றாள் யசிந்தா. "கணினியும் இஞ்சை இருக்கு. ஏன் வேலை செய்யாது?"

"தினமும் காலமை கணினி அவையின்ரை இடத்தோடை தொடுத்துத்தான் அண்ணையின்ரை மூளையைத் திரும்பப் படிக்கிறது. அங்கை பூட்டினால் இஞ்சை இதுக்கு ஒண்டும் விளங்காது."

"அப்ப தலைக்குள்ளை கிடக்கிறது?"

"எடுக்க ஏற்பாடு செய்வினமாம். எப்பவெண்டு சொல்லேல்லை." கஜானி குனிந்துகொண்டாள். "நான்தான் அக்கா உங்களை இதுக்குள்ளை கொண்டுவந்து விட்டனான்."

கிறிஸ்ரோபர் எழுதினார். "நீ நல்லது செய்தனி பிள்ளை. அழாதை."

கடைசிக் கிழமையில் சனம் வந்தது. கதைப்பதைக் கேட்க வந்தவர்கள், சும்மா புதினம் பார்க்க வந்தவர்கள். அவர் எல்லாரையும் அனுப்பச் சொன்னார். செபநாயகத்துக்கு மட்டும், தன்னுடைய மிஞ்சிய வலைகளை வைத்து உக்கவிடாமல் தொழிலுக்கு எடுக்கும்படி சொன்னார். மிச்ச நேரமெல்லாம் யசிந்தாவோடு. கடைசி நாள் காலமை அவள் கேட்டாள்.

"என்னிலை இன்னும் கோவமோ?"

பிறகு, "ஓம்" என்றது கணினி. சற்றுக் கழித்து, "ஆனால் நீ இரு" என்றது.

அவள் தலையாட்டினாள். அவர் திரும்ப எழுதத் தொடங்கினார். அது நீண்டுகொண்டே போனது. அவருக்கு வியர்த்தது. அவள் துடைத்துவிட்டாள், திரையில் கண்ணை வைக்கவில்லை.

"இனிக் கண்தான். பாக்கேக்கை சந்தேகமெண்டால் இல்லை எண்டு எடு."

"எல்லாத்துக்குமோ?"

"எல்லாத்துக்கும். என்ரை பேரிலை ஓம் சொல்லாதை. நான் சொன்னால் மட்டும் சொல்லு."

அவருடைய கையைத் தன் தலையில் எடுத்து வைத்துச் சத்தியம் செய்தாள். மறுநாள் வளையத்தை ஒட்டியபோது திரை வெறுமனே வெளிச்சமாகக் கிடந்தது.

அவள் சொன்னபடி செய்தாள். "என்னவாம்?" என்று சனம் கேட்டால் இப்போது "தெரியேல்லை" என்றாள். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை, வருவது குறைந்தது. கஞ்சி விடட்டோ என்று கேட்பாள். கண் நடுங்கினால் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, கொஞ்சம் கழித்து வந்து கேட்பாள். மனுசன் மெலிந்து போகிறார் என்று செபநாயகம் ஏசினார்.

வைகாசியில் காதுக்கு மேலே இருந்த புடைப்பில் தோல் சிவந்தது. பிறகு மெல்லியதாகி வெடித்தது. உள்ளே இருந்த உலோகத்தின் விளிம்பு தெரிந்தது. கஜானி கொம்பனிக்கு மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் போட்டாள். அந்த முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. காய்ச்சல் ஏறியதும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். "கிருமி உள்ளுக்கை இறங்கத் தொடங்கியிட்டுது. ஊசிமருந்தாலை மட்டும் நிக்காது. தகட்டை எடுக்கோணும். அது மூளையோடை எப்பிடி ஒட்டியிருக்கெண்டு தெரியாது, செய்தவையிட்டை விபரம் எடுக்கவும் வழியில்லை. கொழும்புக்கு அனுப்பி ஒப்பரேசன் செய்யலாம். மேசையிலையே போகவும் கூடும். தப்பவும் கூடும். ஆளுக்கு நினைவு இருக்கு. அவரைக் கேட்டுச் சொல்லுங்கோ அம்மா."

செபநாயகம் பக்கத்தில் நின்றார். யசிந்தா கட்டிலுக்கு மேலே குனிந்தாள். சொல்ல வேண்டியதை ஒன்றும் விடாமல் சொன்னாள், சாகக்கூடும் என்பதையும் சேர்த்து. "செய்யட்டோ?"

கண்கள் நடுங்கின. கருமணி மேலே ஏறியது, நிற்காமல் இறங்கியது. இமை துடித்தது. காய்ச்சலில் கண் முழுவதும் சிவந்திருந்தது. அவள் காத்திருந்துவிட்டுத் திரும்பக் கேட்டாள். பின்னேரம் காய்ச்சல் இறங்கிய நேரம் பார்த்துத் திரும்பவும் கேட்டாள். மேலே போனது. நின்றதா? நிற்கவில்லை. அவளுக்குள் ஒன்று, நின்றது, நின்றது, சொல்லு என்று கத்தியது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும்.

"இல்லையெண்டுறார்" என்றாள் டொக்டரிடம்.

"எங்கை சொன்னவர்?" செபநாயகம் பாய்ந்தார். "கண் மேலை போனதை நானும் கண்டனான்! இரக்கமில்லையே உனக்கு?"

"நிக்கேல்லை அண்ணை."

"நடுங்கினது! நடுங்கினால் இல்லையெண்டே அர்த்தம்?"

"ஓம். அவர்தான் அப்பிடிச் சொன்னவர்."

"பிள்ளையையும் திண்டு, இப்ப புருசனையும் திங்கப்போறாய்" என்றார் செபநாயகம். ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கிறிஸ்ரோபரின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றினாள்.

ஊசிமருந்தோடு இரண்டு கிழமை இருந்தார். கடைசியில் வலிப்பு வந்து, நினைவு போய், ஒரு விடியற்காலையில் அடங்கிவிட்டார். தகட்டோடுதான் அடக்கினார்கள். கொய்யாத்தோட்டம் சேமக்காலையில் செபநாயகம் ஒரு கை மண் போட்டுவிட்டு, தங்கையைத் திரும்பிப் பார்க்காமல் படலையால் வெளியே போனார். கஜானி அவளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பது யசிந்தாவுக்குத் தெரியாது. சில நாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது, அது ஓம்தான் என்று நிச்சயமாகத் தெரியும்; அகப்பையை வைத்துவிட்டு நின்றுவிடுவாள். சில நாள் இல்லைதான் என்று தெரியும். இரண்டையும் அவள் நம்புவதில்லை.

ஆடி மாதம் நண்டுக் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தாள். நீளமான மேசையில் பெண்கள் வரிசையாக இருந்து அவித்த நண்டின் சதையை எடுப்பார்கள். பக்கத்தில் இருந்த பெண் மண்டைதீவுக்காரி, இவளுடைய கதையை அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தாள்.

"உங்கடை அவர் மெசினாலை கதைச்சவராமே அக்கா? என்னவெல்லாம் சொன்னவர்?"

யசிந்தா ஓட்டை உடைத்துச் சதையைத் தட்டில் போட்டாள். அவர் சொன்னதைச் சொன்னாள், மகன் கடலில் சத்தி எடுத்த கதையையும். தான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.